வாலாஜா வரை வேண்டாம், திருவலம் போதும்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தைப் பார்த்து வீடே சிரித்தது. முட்டிவலிக்கு டாக்டரிடம் காட்டினாயா, இன்னும் தைலம்தானா?

ஊரார் சேர்ந்து பாலாற்றங்கரையில் போட நினைக்கும் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். விருதம்பட்டில் தொடங்கி வடகரையோரமாகத் திருவலம் வரை என்று பேசி வைத்திருக்கிறோம். வாலாஜா அணைக்கட்டு வரை இழுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திருவலம் தாண்டினால் ராணிப்பேட்டை மாவட்டம் வந்துவிடும். நாம் படித்த காலத்து வட ஆற்காடா இது? 1989இல் இரண்டாக்கினார்கள், 2019இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ஒரே ஆற்றங்கரைக்காக இரண்டு கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்க யாரால் முடியும்?

'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். அந்த ஒரு பங்குக்குத்தான் ரசீது புத்தகத்தோடு அலைகிறோம். கும்பாபிஷேகம் என்றால் கேட்காமலே கொடுக்கிறவர்கள், பாதை என்றதும் "அது புறம்போக்கா, பட்டாவா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். சர்வேயர் வந்து அளந்து கல் நடும்வரை பெரிய தொகை எதையும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

பெரிய தோல் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புப் பணம் கேட்கலாம், லாபத்தில் 2 சதவீதம் சட்டப்படி செலவழிக்க வேண்டியவர்கள்தானே என்றார் ஊர்க் கூட்டத்தில் ஒருவர். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்து, "அவங்க பேர் போட்ட பெஞ்சில நான் உட்கார மாட்டேன்" என்றார். கூட்டம் அதோடு கலைந்தது. என்னைக் கேட்டால், காசு வரட்டும், பேர்ப் பலகைதான் வேண்டாம்.

அடுத்த சண்டை தரைக்கு. கொடுக்கிறவர்களுக்குப் பேவர் பிளாக்கும் ஆர்ச்சும் வேண்டும். போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தைப் பார்த்தவர்கள் பேசுகிற பேச்சா இது? கிராவல் கொட்டி ரோலர் விட்டால் போதும். அரித்தால் மறுபடி கொட்டிக்கொள்ளலாம். தவிர, இது வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டுமானதில்லை. காலையில் வந்து பார்: கேரியரில் பால் கேன் கட்டிய சைக்கிள், அரசு கொடுத்த சைக்கிளில் டபுள்ஸ் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள், பின்னாலேயே மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள். "பேவர் கல்லு நனைஞ்சா மாட்டுக்குக் குளம்பு வழுக்கும்" என்று பால்கார அம்மா ஒருவர் சொன்னார். இதுவரை கேட்டதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

நீ நெடுஞ்சாலைத் துறையில் காலம் தள்ளியவன். கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் தரைப்பாலம் போதுமா, குழாய் பதிக்க வேண்டுமா? செலவு குறைவென்று நான் தரைப்பாலத்துக்குத் தலையாட்டிவிட்டேன். மழையில் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. எஸ்டிமேட் நகலை அனுப்புகிறேன், தாராளமாகக் கிறுக்கு.

பொங்கலுக்கு வா, முள்ளு கத்திரிக்காய் குழம்பு தயார். ரசீது புத்தகத்தில் உன் பேருக்கு ஒரு தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். தொகையை நீயே எழுதிக்கொள்.

உன் நண்பன்