ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ஏற்பா, மறுப்பா, மூன்று மாதத்தில் சொல்லுங்கள்

சாட்சியச் சட்ட ஆய்விதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மின்னஞ்சல் வந்தது. 14 மாதம் காத்திருந்ததற்கு இரண்டு வரிப் பதில். கட்டுரையின் பொருள் இப்போதைய நிலைக்குப் பொருந்தவில்லை, வெளியிட முடியாததற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நிராகரிப்பு எனக்குப் புதிதல்ல. 22 வருஷமாக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன், மனு தள்ளுபடியாவதைப் பார்த்துப் பழகியவன்தான். ஆனால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் பற்றிய அந்தக் கட்டுரையை நான் அனுப்பியது 2024 நவம்பரில். புதிய சாட்சியச் சட்டம் அமலுக்கு வந்து நான்கு மாதம் முடிந்திருந்த நேரம். அன்றைக்கு அது பொருந்தியது.

அதை ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். பொதுச்சுவர்த் தகராறில் தடையுத்தரவு கேட்டு ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். கடை கேமராவில் பதிவான காட்சியைப் பென் டிரைவில் போட்டு, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கப் புதிய சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் வேண்டுமே என்று படிவத்தை எடுத்தோம். கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பை, எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகளை, ஜூனியர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் எழுதினேன். 'ஏ' பகுதியில் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். 'பி' பகுதிக்கு நிபுணர் வேண்டும். கேமரா மாட்டிய பையனைக் கூப்பிட்டோம். 'நிபுணர்' என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "சார், நான் ஒயர் இழுக்கிறவன். இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைக் கூண்டுல ஏத்திடுவாங்க" என்றான். அவன் பயம் நியாயமானது.

உச்ச நீதிமன்றத்தில் அன்வர் வழக்கின் 2014 தீர்ப்பிலிருந்து அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கின் 2020 தீர்ப்பு வரை, பழைய சாட்சியச் சட்டத்தில் இதே வேலையைச் செய்த 65பி சான்றிதழ் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்போதாவது ஒரு கையெழுத்து போதும். இப்போது இரண்டு. அந்த இரண்டாமவர் யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ பிரிவில் அரசு அறிவித்த மின்னணுச் சாட்சியப் பரிசோதகர்தானா, கணினி தெரிந்த யாரும் போதுமா? தாலுகா ஊரில் இருக்கிற கட்சிக்காரர் அவரை எங்கே போய்த் தேடுவார்? இதைத்தான் கட்டுரையில் கேட்டிருந்தேன்.

உங்களிடம் பரிசீலனையில் இருக்கும்வரை வேறு இதழுக்கு அனுப்ப மாட்டேன் என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டீர்கள். கொடுத்தேன், காப்பாற்றினேன். ஐந்தாம் மாதம் அடிக்குறிப்பு முறையை மாற்றச் சொன்னீர்கள். கோர்ட் முடிந்து வந்து மூன்று இரவு உட்கார்ந்து 61 குறிப்புகளையும் மாற்றினேன். ஒன்பதாம் மாதம் பழைய முறைக்கே திருப்பச் சொன்னீர்கள். அதையும் செய்தேன். நான்கு முறை நிலவரம் கேட்டு எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் நான்கு முறையும் வந்தது. நீதிமன்றத்தில் வழக்கு எத்தனை தடவை தள்ளிப்போனாலும் அடுத்த வாய்தா தேதியைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். நீங்கள் ஒரு தேதிகூடச் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டுரை வந்த மூன்று மாதத்துக்குள் ஏற்பு அல்லது மறுப்பு, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த உறுதிமொழியிலிருந்து எங்களை விடுவித்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாமல்தான் மதிப்பிடுகிறோம் என்கிறீர்கள். பிறகு எதற்குப் படிவத்தில் முதல் கேள்வியாகப் பதவியும் நிறுவனமும்? சாட்சியச் சட்டம் தினமும் உரசிப் பார்க்கப்படுவது விசாரணை நீதிமன்றத்தில். ஒரு ஆவணத்தைச் சாட்சியமாக எண் கொடுத்து மார்க் செய்யும்போது எழும் ஆட்சேபணை முதலில் எங்கள் காதில்தான் விழுகிறது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாக அது அச்சாக வருஷங்கள் ஆகும். உங்கள் கடைசி நான்கு இதழ்களைப் புரட்டினேன். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் எழுதிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு எழுத வராது என்பதை நான் ஏற்கமாட்டேன். அனுப்பியவர்கள் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்திருப்பார்கள்.

சரி, கோபத்தில் விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும். மதிப்பீட்டாளர்கள் ஊதியமில்லாமல் படிக்கிறார்கள் என்பதும், உங்கள் குழு சிறியது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் விரிவான விமர்சனம் கேட்கவில்லை, மூன்று மாதத்தில் ஒரு பதில் மட்டும் கேட்கிறேன். அடுத்த இதழுக்கான அழைப்பில் அந்தக் காலக்கெடுவை அச்சிடும்படி பணிவோடு வேண்டுகிறேன். என் ஜூனியரும் உங்களுக்கு அனுப்ப ஒரு கட்டுரையை முடித்து வைத்திருக்கிறாள். அனுப்பலாமா என்று என்னைக் கேட்கிறாள். உங்கள் அழைப்பைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்