தீக்கு அஞ்சிய மாளிகைகள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்துவிட்ட செய்தி மனத்தை நிறைத்தது. பெய்ஜிங் அரண்மனை நகரத்துக் கூரைகளில் அத்தனை விலங்குகளும் நிறங்களும் எதற்கு என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். நான் இப்போது படித்து வருவதும் அதைப் பற்றித்தான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாதி விடை அந்தஸ்தைப் பற்றியது. மஞ்சள் ஓடு பேரரசருக்கு உரியது. கூரைச் சரிவின் முனையில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு விலங்குருவங்கள் கூடக் கூடக் கட்டடத்தின் மதிப்பும் கூடும். பத்து உருவங்கள் இருப்பது பேரரசரின் அரியணை இருந்த தைஹே மண்டபம் ஒன்றில் மட்டுமே. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் மறுபாதி, நெருப்பைப் பற்றிய அச்சம்.

சீனத்துப் பெருமாளிகைகளில் சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. மரத்தூண்களும், அவற்றின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த போதிகைக் கட்டைகளுமே கூரையைச் சுமக்கின்றன. நிலநடுக்கத்துக்கு அசைந்து கொடுக்கும் இந்த அமைப்பினால்தான், ஷான்ஷி மாநிலத்தில் 1056-இல் எழுப்பிய இங்சியன் மரக்கோபுரம், சுமார் 67 மீட்டர் உயரத்தோடு இன்றும் நிற்கிறது. ஆனால் இடியும் தீயும் வந்தால் மரம் என்ன செய்யும்? யோங்லெ பேரரசர் 1421-இல் புதிய அரண்மனையில் குடியேறிய சில மாதங்களிலேயே, அதன் மூன்று பெருமண்டபங்களும் மின்னல் தாக்கி எரிந்துபோயின.

ஆகவே நீரைக் குறிப்பவை கட்டடமெங்கும் இடம்பெற்றன. முகட்டின் இரு முனைகளையும் கவ்வி நிற்கும் ட்ராகன் மழையை வரவழைக்கும் என்று நம்பினார்கள். இதன் உச்சம், 1776-இல் முடிந்த அரண்மனை நூலகமான வென்யுவான் மாளிகை. சுற்றிலும் மஞ்சள் கூரைகள் இருக்க, இதன் ஓடுகள் மட்டும் கறுப்பு, விளிம்பு பச்சை. சீனரின் ஐந்து மூலகங்களில் கறுப்பு நீருக்குரிய நிறம். முகப்பில் இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளான அங்கணங்களை ஒற்றைப்படையில் அமைப்பதே வழக்கமாயிருக்க, இங்கே ஆறு இருக்கின்றன. படிக்கட்டுக்கென மேற்கோரத்தில் ஒரு குறுகிய அங்கணத்தைச் சேர்த்து அந்த எண்ணை நிறைத்திருக்கிறார்கள். சியான்லோங் பேரரசர் இதற்கு மாதிரியாகக் கொண்டது, நிங்போ நகரில் ஃபான் சின் என்ற அதிகாரி 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய தியான்யி நூலகம். அங்கே மேல்தளம் தடுப்பில்லாத ஒரே கூடம், கீழ்த்தளம் ஆறு அங்கணங்கள். வானம் ஒன்றால் நீரைப் பிறப்பிக்கிறது, பூமி ஆறால் அதை நிறைவாக்குகிறது என்ற பழைய எண் கொள்கையின்படி அமைந்தது அது.

அதோடு ஃபான் சின் நின்றுவிடவில்லை, முன்புறம் ஒரு குளமும் வெட்டினார்; பெய்ஜிங் நூலகத்தின் முன்னும் குளம் உண்டு. அரண்மனை முற்றங்களில் நிற்கும் பெரிய வெண்கல, இரும்புத் தொட்டிகளும் தீயணைக்கும் நீருக்காகவே வைக்கப்பட்டவை. குளிர்காலத்தில் நீர் உறையாதிருக்க அவற்றின் அடியில் கரி மூட்டுவார்கள். இவ்வளவு முன்னேற்பாடு செய்தவர்களின் குறியீடுகளை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடே இல்லை.

மகளை வென்யுவான் மாளிகையின் முகப்பை ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல். ஆறு அங்கணம் என்றால் வாசலை எங்கே வைப்பது என்ற சிக்கல் அப்போதுதான் அவளுக்குப் புரியும். வரைந்ததில் ஒரு படி எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்