காயத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தும் டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர்கள்) அனைவருக்கும்,

வணக்கம். போன மாதம் எங்கள் மேசையில் நடந்த ஒரு சண்டை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் குழுவின் வாள்வீராங்கனை ஒரே சண்டையில் மூன்று தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் பூசாரி தூரத்தில் நின்றபடியே ஒரு மந்திரம் சொன்னான். அவள் எழுந்து வாளை வீசினாள். மூன்றாம் தடவை எழுந்தபோது அவளிடம் இருந்தது 4 ஹிட் பாயிண்ட் (இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் எண்; 0 ஆனால் விழுந்துவிடுவாள்). 52 இருந்தபோது எப்படி வெட்டினாளோ அதே வெட்டு, அதே பகடை. அவளை ஆடிய தோழி பென்சிலால் அந்த எண்ணை அழித்து அழித்து எழுதியதில் தாளே ஓட்டையாகிவிட்டது. எட்டு மணி நேரத் தூக்கம் முடிந்ததும் மறுபடி 52. "எனக்கு எங்கே அடிபட்டது?" என்று தோழி கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

ஹிட் பாயிண்ட் மனித உடலுக்காகப் பிறந்த கணக்கு இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து இந்த ஆட்டத்தை உருவாக்கிய டேவ் ஆர்னெசன், அதைக் கடற்போர் ஆட்ட விதிகளிலிருந்து எடுத்தார். ஒரே அடியில் பாத்திரம் செத்துப்போவது ஆடுபவர்களுக்குப் பிடிக்கவில்லை. கப்பலைப் போல நாலு அடி தாங்கட்டும் என்று விட்டார். ஆசையாக வளர்த்த பாத்திரம் பிழைத்தது, அது நல்ல காரியம். ஆனால் கப்பலுக்கு வலிக்காது. 1979இல் கைகாக்ஸே, இந்த எண்ணில் உடல் வலு மட்டுமல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கின்றன என்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், கடைசி அடியில் அதிர்ஷ்டம் தீர்ந்து கத்தி உள்ளே இறங்கத்தானே வேண்டும்? அந்தக் கத்திக்குத்து மறுநாள் காலையில் எங்கே போகிறது?

வேறு ஆட்டங்கள் இதை வேறு விதமாக யோசித்திருக்கின்றன. டிராவலரில் (1977) அடி விழுந்தால் வலிமை, லாவகம், தாங்குதிறன் ஆகியவையே குறையும். ரூன்குவெஸ்டில் (1978) அடி எந்த உறுப்பில் விழுந்தது என்று பகடையே சொல்லும். எனக்கு மிகவும் பிடித்தது ஃபேட். அதில் அடியைத் தாங்க விரும்பினால், ஆடுபவர் ஒரு விளைவைச் சொற்களில் எழுதிக்கொள்ள வேண்டும். 'விலா எலும்பு முறிந்தது' என்று எழுதிவிட்டால் எதிரி அதைப் பயன்படுத்தலாம். பகடை உருளும் முன்பே 'நான் தோற்றுவிட்டேன்' என்று விலகவும் வழி உண்டு. அப்படி விலகுபவருக்கு ஃபேட் பாயிண்டும் (பின்னால் தனக்குச் சாதகமாகச் செலவழிக்கும் புள்ளி) கிடைக்கும், எப்படித் தோற்றோம் என்பதைச் சொல்லும் உரிமையும் கிடைக்கும்.

நம் ஆட்டத்தில் அந்த நடுவழி இல்லை. ஒன்று முழு பலம், இல்லையென்றால் 0க்கு விழுந்தவர் பிழைப்பாரா சாவாரா என்று உருட்டும் சாவுப் பகடை. அதனால் யாரும் பின்வாங்குவதில்லை, யாரும் சரணடைவதில்லை; கூலிக்கு வந்த கொள்ளைக்காரன்கூட நம் மேசைகளில் கடைசி மூச்சுவரை சண்டை போட்டுச் சாகிறான்.

2014 டிஎம் கையேட்டில் நீடிக்கும் காயங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது என்று சொல்வீர்கள். தெரியும். அதில் பகடையில் 1 விழுந்தால் ஒரு கண் போய்விடும். முன்வரிசையில் நின்று எல்லோருக்காகவும் அடி வாங்குபவரிடம் இப்படிக் குலுக்கலில் கண்ணைப் பறிப்பது நியாயமில்லை. நான் கேட்பது அதைவிட எளிது. ஒருவர் 0க்கு விழும்போது ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, "எங்கே பட்டது?" என்று ஆடுபவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த இடம் குறுக்கே வரும் வேலைகளுக்கு மட்டும் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்கட்டும். ஏழு நாள் ஓய்வோ நல்ல வைத்தியரோ கிடைக்கும்வரை அது இருக்கட்டும். ஆனால் முதல் நாளே எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிடுங்கள். நிஜ வாழ்க்கையில் வலியோடு இருப்பவர் ஆட்டத்திலும் அதைச் சுமக்க விரும்பாமல் இருக்கலாம். எதிரிகளுக்கும் உயிர்ப்பயம் கொடுங்கள். தோற்று விலகுபவரைப் போக விடுங்கள்.

போன ஞாயிறு நாங்கள் இப்படி ஆடிப் பார்த்தோம். தோழி புதுத் தாளின் மேல் ஓரத்தில் 'இடது முட்டி' என்று எழுதினாள். மலைப்பாதையில் அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. பூசாரி ஒன்றும் பேசாமல் அவளுடைய மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

அன்புடன்,
உங்களைப் போலவே மேசையின் தலைமாட்டில் உட்காரும் ஒருவன்