பிள்ளைகளின் குடற்புழுத் தொற்றை அலட்சியப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரைப் பாதித்துள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் மலேசிய நாட்டுப் பள்ளிகளில் 1974 முதல் நடந்த புழு நீக்கத் திட்டம், தொற்று குறைந்ததால் 1983இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் பூர்வகுடிப் பிள்ளைகளிடையே சாட்டைப்புழுவும் உருண்டைப்புழுவும் இன்னும் மிகுதியாக இருப்பது வேதனைக்குரியது. அவர்களுக்கேனும் மருந்து முறையாகக் கிடைக்க வேண்டும்.

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் வாழும் நம் பிள்ளைகளைப் பெரிதும் வாட்டுவது கீரிப்பூச்சி எனும் நூல்போன்ற சிறு குடற்புழு. பெண் புழு இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுவதால் அரிப்பெடுத்துப் பிள்ளை சொறிய, நகக்கண்ணில் ஒட்டிய முட்டைகள் மெத்தை, துவாலை, விளையாட்டுப் பொருள் வழியாக வீடு முழுவதும் பரவுகின்றன. இனிப்பு தின்றால்தான் பூச்சி வரும் என்று நம் வீடுகளில் இன்றும் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமன்று. காலையில் குளிப்பாட்டுவதற்கு முன் ஆசனவாய்ப் பகுதியில் செலோடேப்பை ஒட்டியெடுத்துக் கிளினிக்கில் கொடுத்தால், நுண்ணோக்கியில் முட்டைகள் தெரிந்துவிடும். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையை அழிக்காது என்பதால், வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவர் சொற்படி ஒரே நாளில் உட்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் உட்கொள்ள வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாம் முறையைத்தான்.

ஒரு பிள்ளைக்குத் தொற்று தெரிந்தவுடன், பாலர் பள்ளிகள் பெயர் குறிப்பிடாமல் மற்றப் பெற்றோருக்குத் தமிழிலும் அறிவிப்பு அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்