கூடாரம் வேண்டாம், ஊர் ஊராகப் போக வழிவிடுங்கள்

கிழக்கு மாகாணத்தில் கல்விப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சி சபைகளுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியை. பாடசாலை விடுமுறையில் எங்கள் பிள்ளைகளின் சர்க்கஸ் நகரத்திலிருந்து புறப்பட்டு கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல், சேருவில, கந்தளாய் என்று ஊர் ஊராகப் போய்வர வழிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். விழா மேடையில் பத்து நிமிடம் தந்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் ஏற்பாடு இப்போதும் இருக்கிறது. அது போதாது. பிள்ளைகளுக்குத் தேவை பயணம்.

சர்க்கஸ் என்றதும் பெற்றோர் முகம் மாறும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நேபாளத்து ஏழைக் குடும்பங்களின் சிறுமிகளை இந்திய சர்க்கஸ்களுக்குக் கொண்டுபோய் அடைத்து வேலை வாங்கிய கொடுமை நடந்தது. சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. நம் நாட்டிலும் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் தேவையான சட்டங்கள். நான் சொல்லும் சர்க்கஸில் விலங்கு இல்லை, சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஒன்றுசேர்ந்து கரணம் போடுவது, பந்துகளை வீசிப் பிடிப்பது, கம்பியில் நடப்பது, மரக்காலில் நிற்பது, ஒற்றைச் சில்லு சைக்கிள் ஓட்டுவது, கோமாளி வேடம் கட்டுவது. அவ்வளவுதான்.

உலகத்தில் இது புதிதல்ல. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்றொரு சிற்றூர். அங்கே 1987 இல் ரொப் மெர்மின் என்பவர் சர்க்கஸ் ஸ்மேர்க்கஸ் என்ற இளையோர் சர்க்கஸைத் தொடங்கினார். 10 முதல் 18 வயது வரையான பிள்ளைகள், கோடை விடுமுறையில் சில வாரம் பயிற்சி எடுத்து, பிறகு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போவதுதான் அதன் வழக்கம். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பிள்ளைகள் இரவில் ஹோட்டலில் தங்குவதில்லை, அந்தந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுகின்றன. மற்றது, காட்சியை ஏற்று நடத்துவது அந்த ஊரின் பொதுநலச் சங்கங்கள். சேரும் பணத்தில் ஒரு பங்கு ஊரின் தேவைக்கே போகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் என்று நம்மிடம் அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு என்ன குறை?

கம்போடியாவின் கதை இன்னும் நெருக்கமானது. போர்க்காலத்தில் தாய்லாந்து எல்லை அகதி முகாமில் வளர்ந்த ஒன்பது இளைஞர்கள், அங்கே தங்களுக்குச் சித்திரம் கற்பித்த பிரெஞ்சு ஆசிரியையோடு சேர்ந்து, 1994 இல் பட்டம்பாங் நகரில் ஃபார் பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கே சர்க்கஸும் வந்தது. 2013 இலிருந்து சியெம் ரீப்பில் அதன் காட்சி நடந்து வருகிறது. தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைகளும், 2006 இல் சம்பூரை விட்டு ஓடி ஆண்டுக்கணக்கில் முகாமில் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கும் மாவட்டம் இது. நமக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சென்ற விடுமுறையில் சில பெற்றோரின் துணையோடு ஒரு சிறு சுற்றுப் போய்வந்தோம். ஒரு லொறி, மெத்தைகள், மரக்கால்கள், கம்பி, அரிசி மூட்டை, நுளம்பு வலைகள். பிள்ளைகள் வித்தை காட்டியது மாலையில் ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையில் முதல் வேலை, நிலம் பார்ப்பது. எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை குனிந்தபடி நடந்து, நெருஞ்சி முள்ளும் போத்தல் ஓடும் பொறுக்குவார்கள். அதை முடிக்காமல் மெத்தை விரிக்க விடமாட்டோம். அப்புறம் கம்பி கட்ட வேண்டும். மூதூர் மணலில் முளை நிற்காது. மணல் மூட்டைகளைப் புதைத்துக் கட்டினோம். கந்தளாயில் நிலம் இறுகிக் கிடந்தது, முளை இறங்கவே மறுத்தது. ஓர் ஊரில் பிசகாமல் பிடித்த பந்து அடுத்த ஊரில் விழும், ஏனென்றால் விளக்கு கண்ணுக்கு நேரே இருக்கும். பழகியதை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பழக வேண்டும். ஒரே மண்டபத்தில் ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுத்தாலும் இதைக் கற்பிக்க முடியாது. வகுப்பில் குழப்படிக்காரன் என்று பெயரெடுத்த ஒரு பையன் முடிச்சுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அவன் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை யாரும் கம்பியில் ஏறவில்லை.

மூதூரில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வீடுகளில் தங்கினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பிள்ளைகள் சிலருக்கு வெள்ளியில் மரக்கறி மட்டும்தான். அதைக் கேட்ட ஓர் உம்மா, மகனைக் கடைக்கு அனுப்பிப் புதுச் சட்டி வாங்கிவரச் சொல்லி, பருப்பும் கத்தரிக்காயும் தனியாகச் சமைத்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. காட்சியை இஷா தொழுகைக்குப் பிறகு வைத்தோம். கோல்களை அடித்து ஆடும் பொல்லடி தெரிந்த அந்த ஊர்ப் பையன்கள் எங்கள் சிலம்பக்காரர்களோடு வட்டத்துக்குள் இறங்கியபோது, வீட்டுக்குப் போக எழுந்தவர்கள்கூடத் திரும்ப உட்கார்ந்தார்கள். சிங்களக் கிராமமொன்றில் ஒரு பாட்டி தானாகவே ரபான் என்ற வட்டப் பறையைக் கொண்டுவந்து விரல் நுனியில் சுழற்றிக் காட்டினார். எங்கள் தட்டுச் சுழற்றும் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வித்தைகளெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை அல்ல. சுற்றிவர மக்கள் இருக்க நடுவில் ஆடும் வட்டக்களரி கூத்து நம் கிழக்கின் சொத்து. உலக சர்க்கஸில் வழமையான வட்டத்துக்கு விட்டம் 42 அடி, நம் பாடசாலை முற்றத்திலேயே அடங்கிவிடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். கரணம் போடும்போது பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பெண்பிள்ளையைப் பெண்பிள்ளையே தாங்குவது என்று வைத்துக்கொண்டோம். பர்தாவோடு வரும் பிள்ளைகள் தலைத்துணியை இறுகக் கட்டி மரக்காலிலும் பந்து வித்தையிலும் நின்றார்கள். தொங்கும் துணி சுற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் கயிற்று வித்தையில் அவர்களை விடவில்லை. இதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். பேசினால் பெற்றோர் விளங்கிக்கொள்கிறார்கள்.

ஓர் ஊரில் மட்டும் பாடசாலைச் சாவி கிடைக்கவில்லை. மேலிடத்துக் கடிதம் இல்லை என்றார்கள். இருட்டிவிட்டது, பிள்ளைகள் லொறியில் பசியோடு இருந்தார்கள். பக்கத்து விகாரையின் பிக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டு, தண்ணீர்த் தாங்கி எங்கே இருக்கிறது என்று காட்டினார். அந்த அதிபரை நான் குற்றம் சொல்லவில்லை. கடிதம் இல்லாமல் சாவி கொடுத்து, நாளை ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தக் கடிதத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மாவட்டம் முழுவதற்கும் செல்லும் ஒரே கடிதம். விடுமுறையில் எந்தப் பாடசாலையில் எத்தனை இரவு தங்கலாம், சாவிக்கும் மின்சாரத்துக்கும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

விடுமுறை நாட்களும் பொருந்த வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பை ஒட்டி வேறாக வருவதால், கிண்ணியாப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து போகக்கூடிய நாட்கள் குறைவு. அந்தச் சில நாட்களையாவது கருத்தரங்கு, மேலதிக வகுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் ஆண்டில் யாரையும் நாங்கள் அழைப்பதில்லை.

கூடாரம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது முன்வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வருட நடுவில் இங்கே கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2015 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் புயற்காற்றில் சரிந்து ஒரு தந்தையும் அவருடைய சிறு மகளும் இறந்தார்கள். காற்றை அளக்கவும், காட்சியை நிறுத்தி ஆட்களை வெளியேற்றவும் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் கூடாரம் அடிக்கக்கூடாது. திறந்த வெளி போதும். அந்தப் பணத்தில் நல்ல மெத்தைகள் வாங்குங்கள். ஒவ்வொரு பிரதேசத்திலும் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதி இந்தப் பயணத்தில் ஏற்படும் காயத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் சொல்லுங்கள்.

வீடுகளில் தங்கவைப்பதற்கும் கண்டிப்பான விதி வேண்டும். பிள்ளை தனியே தங்கக்கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக்கூடாது. தங்கவைக்கும் வீட்டாருக்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் ஒருவர் எங்களோடு வந்து கண்ணால் பார்க்கட்டும். குறை கண்டால் அங்கேயே நிறுத்தட்டும்.

ஒரு காலத்தில் கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் மூதூர்ப் பக்கம் போனோம். 2009 இல் பாலம் வந்தது. இன்று நகரத்திலிருந்து மூதூருக்குப் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? ஆனாலும் பாலத்தின் அந்தப் பக்கத்தில் ஓர் இரவுகூடத் தங்கியிராத பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர்.

அடுத்த தவணை முடியுமுன் ஒரு கூட்டம் வையுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளர்கள், பிரதேச சபைத் தவிசாளர்கள், பெற்றோர் எல்லோரையும் அழையுங்கள். எந்தெந்த ஊர், எந்தெந்தப் பாடசாலை, எத்தனை பிள்ளைகள், யார் யார் கூட வருகிறார்கள் என்ற முழு விபரத்தோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
திருகோணமலை