வெள்ளைக் கையுறை அண்ணனுக்கு

கும்பகோணத்தில் 16 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான் சோறு போடுகின்றன. போட்டிக்குப் பிரிண்ட் அனுப்பியது இதுதான் முதல் தடவை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் ஒரு பாட்டியின் முகம், 12க்கு 18 அங்குலம். கடைசி நாளுக்கு முந்தின இரவு, சென்னை லேபில் கைக்கு வந்த பிரிண்டில் பாட்டியின் கழுத்தும் சேலையும் ஒரே கறுப்பு. என் மானிட்டரில் வெளிச்சம் அதிகம். அதை நம்பித் திருத்தியது என் தப்புதான்.

அண்ணே, நீங்கள் ஷட்டரை இறக்கப் போனவர். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிரிண்டை வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தீர்கள். "ஃபைல்ல எல்லாம் இருக்கு தம்பி, பேப்பர்தான் குடிச்சிடுச்சு" என்றீர்கள். அப்புறம் முழுப் படத்தையும் அடிக்காமல், கண்ணும் கழுத்தும் வருகிற மாதிரி மூன்று சின்னத் துண்டுகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக. மூன்றாவதில் கழுத்துச் சுருக்கத்துக்குள் கிடந்த மஞ்சள் கயிறு தெரிந்தது. படம் எடுத்த எனக்கே அது மறந்துபோயிருந்தது!

மேட் பேப்பரில் விரல் பட்டால் போச்சு என்று எனக்கும் ஒரு ஜோடி கையுறை தந்தீர்கள். பின்னால் மவுண்ட் அட்டை ஒட்டி முடிக்கும்போது மணி 1. காசு ஒரு பிரிண்டுக்கு மட்டும்தான் வாங்கினீர்கள்.

பரிசு கிடைக்கவில்லை. காட்சிக்குத் தேர்வானது. அங்கே ஒரு பெரியவர் குனிந்து அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர்கூடக் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். கையுறை இன்னும் என் கேமரா பையில்தான் இருக்கிறது, அண்ணே. திருப்பித் தர வருகிறேன், காபிப் பொடியோடு.