பழைய கார் வாங்குபவருக்கு வண்டியின் வரலாற்றைக் காட்டுங்கள்: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: பயன்படுத்திய செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள) கார்களின் ஓட்டம், பயன்பாடு, வெள்ளச் சேதம், குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் விடுத்த திரும்ப அழைப்பு ஆகிய விவரங்களை வாங்குபவர் பார்க்க வழி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிறிய டீசல் செடான் ஒன்றை அதன் மூன்றாம் உரிமையாளராக வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எந்த மாடல் நம்பகமானது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் விசாரித்தேன். ஆனால் என் அனுபவத்திலும் எனக்குத் தெரிந்த மற்ற உரிமையாளர்களின் அனுபவத்திலும், அந்தக் கேள்விக்கான விடையில் பாதிதான் மாடலின் பெயரில் இருக்கிறது. மீதிப் பாதி, வாங்கப்போகும் அந்த ஒரு வண்டி இதுவரை எப்படி ஓடியது என்பதில் இருக்கிறது. அந்த விவரம் துண்டு துண்டாக அரசிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் சர்வீஸ் மையங்களிடமும் பதிவாகிக் கிடக்க, பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும் எட்டாமல் இருக்கிறது என்பதே என் முறையீடு.

சிறிய செடான் வகைக் கார் நம் நாட்டில் பெருகியதில் ஒன்றிய அரசின் வரிக்கொள்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2006-07 வரவுசெலவுத் திட்டத்தில், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் அடங்கும் கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் நுழைவதற்காகவே டிக்கி குறுக்கப்பட்ட செடான்கள் வந்தன: 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ், 2012-இல் புதிய டிசையர், 2013-இல் அமேஸ், 2014-இல் எக்ஸ்சென்ட்டும் ஜெஸ்ட்டும். டிக்கியில் நான்கு பேர் பெட்டி வைக்கலாம், விலையும் கட்டுப்படியாகும் என்பதால் குடும்பத்தினரும் இவற்றை வாங்கினார்கள், டாக்சி உரிமையாளர்களும் வாங்கினார்கள். மற்ற கார்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் இதனால்தான் இந்த வகைக்கு வந்து சேர்ந்தது. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே வெள்ளை நிறம். ஒன்று வங்கி ஊழியர் வீட்டு வாசலில் வாரத்துக்கு ஐந்து நாள் நின்றிருக்கும், இன்னொன்று விமான நிலையத்துக்கும் ஐடி நிறுவனங்களுக்கும் இரவு பகலாக ஓடியிருக்கும். பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றிச் சந்தையில் அருகருகே நிறுத்திவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலி மெக்கானிக்குக்கே நேரம் பிடிக்கும்.

டாக்சியாக ஓடிய வண்டி மோசமானது என்று நான் சொல்லவில்லை. எண்ணெயும் ஃபில்டரும் காலத்தில் மாற்றப்பட்ட எட்டியோஸ் டீசலோ டிசையர் டீசலோ மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகும் உழைப்பதை டாக்சி ஓட்டுநர்கள் எவரும் உறுதிப்படுத்துவார்கள். டி-போர்டில், அதாவது வாடகை வண்டியாகப் பதிவாகி, ஓடியதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். சொல்லாமல் மறைக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. எங்கள் குடியிருப்பில் ஒரே மாடலை வைத்திருக்கும் மூன்று பேரில் ஒருவருக்கு பேட்டரியும் டயரும் தவிரச் செலவே வரவில்லை. இன்னொருவருக்கு வாங்கிய ஆறு மாதத்துக்குள் கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஏசி கம்ப்ரசர் என்று வரிசையாகப் போனது. இரண்டாமவர் இன்றும் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். எனக்கென்னவோ அந்த நிறுவனத்தின் மேல் பழியில்லை என்றே படுகிறது, ஏனெனில் அவருடைய காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய டாக்சி ஸ்டிக்கரின் பசைத் தடமும், 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருந்த இடத்தில் எஞ்சிய கிளாம்பும் வேறொரு கதையைச் சொல்கின்றன.

என் காரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்கும்போது மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டியது. வாங்குவதற்கு முன்பே ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குச் சேஸிஸ் எண்ணுடன் சென்று பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டேன். உரிமையாளருக்கு மட்டுமே தருவோம், ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறிய பிறகு வாருங்கள் என்றார்கள். மாறிய பிறகு சென்றபோது மறுக்காமல் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதில், நான் வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதான ஒரு சர்வீஸ் பதிவிலேயே ஓட்டம் 1,12,000-ஐத் தாண்டியிருந்தது. தாளைப் பார்த்த எங்கள் ஊர் மெக்கானிக் வேறெதுவும் பேசாமல் டைமிங் பெல்ட்டின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) மூடியைத்தான் முதலில் கழற்றினார். பெல்ட்டின் பற்களுக்கு நடுவே நகத்தை வைத்து வளைத்துக் காட்டினார். மயிரிழை போல வெடிப்புகள் திறந்தன, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. 68,000 என்று நம்பியிருந்தால் அந்த பெல்ட்டை மாற்றும் எண்ணமே எழுந்திருக்காது. ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வேலையாகாது. வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கு ஒரே நாளில் போய்விடும். நடுச்சாலையில் இன்ஜின் நின்றால் பின்னால் வரும் லாரிக்காரர் என்ன செய்வார் என்பது வேறு.

இக்காலக் கார்களில் ஓட்ட அளவு மின்னணுச் சில்லில் பதிவாகிறது. மடிக்கணினியும் அதற்கான கருவியும் இருந்தால், டாஷ்போர்டின் கீழுள்ள ஓபிடி (கோளாறு கண்டறியும் கருவிக்கான) இணைப்பின் வழியாகவோ மீட்டரைக் கழற்றியோ அந்த எண்ணை மாற்றிவிடலாம். இதை ‘மீட்டர் குறைப்பது’ என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள். ஸ்டீயரிங்கின் வழவழப்பு, பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கச் சரிவு ஆகியவற்றைப் பார்த்து ஊகிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் இருக்கும் மீட்டரை நம்பாமல் பெடல் ரப்பரைத் தடவிப் பார்த்துத்தான் ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும் என்றால் பிறகு மீட்டர் எதற்கு?

இதில் விதிகள் எங்கே நிற்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-இலும் படிவம் 30-இலும் பதிவெண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் கேட்கப்படுகின்றன. மீட்டர் எண்ணுக்கு இடமில்லை. டாக்சிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும்; சொந்தப் பயன்பாட்டுக் காரோ பதினைந்து ஆண்டு நிறைந்து மறுபதிவுக்கு வரும்வரை அரசு அதிகாரி ஒருவரின் கண்ணில் கட்டாயமாகப் படவேண்டியதில்லை. பழைய கார் ஒன்று கைமாறுவது பெரும்பாலும் இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான்.

2022 டிசம்பரில் தங்கள் அமைச்சகம் வெளியிட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தத்தை நான் வரவேற்றவன். பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று, வண்டி அவர்கள் கைக்கு வந்ததும் அறிவிக்கப் படிவம் 29சி ஆகியவை உரிமையாளர்களைப் பல தொல்லைகளிலிருந்து காப்பாற்றக்கூடியவை. அதே விதியில், வியாபாரியிடம் இருக்கும் காலத்தில் வண்டி எதற்காக, யார் ஓட்டி, எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு மின்னணுப் பதிவேடு வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கடையில் நிற்கும் சில வாரங்களில் ஓடும் தூரத்தின்மேல் காட்டும் இந்த அக்கறையை, அதற்கு முந்தைய எட்டுப் பத்து ஆண்டுகளின் ஓட்டத்தின்மேலும் காட்டுங்கள் என்பதே நான் வேண்டுவது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், வியாபாரிகள் விற்கும் பழைய கார்கள் அனைத்துக்கும் லாப வித்தியாசத்தின்மீது 18 சதவீத வரியைப் பரிந்துரைத்தது. இவ்வளவு வரி வாங்கும் வணிகத்தில் விற்கப்படும் பொருளின் அடிப்படை விவரத்தை உறுதிசெய்யும் கடமையும் அரசுக்கு உண்டு.

சென்னையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கூரைவரை மூழ்கி நின்ற கார்களை எல்லோரும் பார்த்தோம். பழுது நீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுகிறது. ஆனால் வண்டி அழிவதில்லை. ஏலத்தில் போகிறது, காயவைக்கப்படுகிறது, வயரிங்கில் பாதி மாற்றப்பட்டு, வெள்ளமே வராத ஒரு மாவட்டத்தில் விற்பனைக்கு வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த இயலாத வண்டியைப் பற்றிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கணக்கில் முழு இழப்பாகி, சாலையில் மீண்டும் ஓடும் இந்த நடுத்தர வகை அதற்குள் சிக்குவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடும், இருக்கைத் தண்டவாளத்தின் துருவும், இசியு எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பானில் பூத்த பச்சையும்தான் வாங்குபவருக்குக் கிடைக்கும் சாட்சியங்கள். ஏர்பேக் சென்சார்கள் அந்த நீரில் கிடந்தனவா என்பதை அவர் எப்படி அறிவார்?

ஏர்பேக் என்றதும் திரும்ப அழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதி விரிக்கும் கருவிகளில்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் தன்மை மாறி, விரியும் நேரத்தில் உலோகத் துண்டுகளை வீசக்கூடும் என்பதால் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும் ஹோண்டா தன் பழைய சிட்டி உள்ளிட்ட கார்களைப் பலமுறை அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரமும் ஒருசேர உள்ள கடற்கரை ஊர்களில் ஓடும் பழைய செடான்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆனால் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கும் பழைய கைப்பேசி எண்ணுக்கும் போகும் அறிவிப்பு மூன்றாம் உரிமையாளரை வந்தடைவது அவருடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திரும்ப அழைப்பு விதிகளோ, தயாரிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளையே கணக்கில் கொள்கின்றன. இரண்டாம், மூன்றாம் கைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை அந்த வயதை நெருங்கிக்கொண்டோ கடந்தோதான் வருகின்றன.

இவற்றைச் சரிசெய்யப் புதிய ஆணையம் ஏதும் தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்காகக் கார் ஆண்டுதோறும் நேரில் வந்தாக வேண்டும். அப்போது மீட்டரைப் படமெடுத்து, அந்த எண்ணைத் தேதியுடன் வாகன் எனும் அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி ஏற்றலாம். உரிமை மாற்றப் படிவங்களில் மீட்டர் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். மீட்டர் உண்மையிலேயே பழுதாகிப் புதிது பொருத்தப்படும்போது பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் பதிவு செய்ய வழியும் வேண்டும், இல்லையேல் நேர்மையான உரிமையாளர் மாட்டிக்கொள்வார். முழு இழப்பாகக் கணக்குத் தீர்க்கப்பட்ட வண்டிக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துடன் பேசி, பதிவேட்டில் நீங்காத ஒரு குறிப்பு இடலாம். டி-போர்டில் ஓடிய காலமும், நிலுவையிலுள்ள திரும்ப அழைப்பும் சேஸிஸ் எண்ணைத் தட்டினால் தெரிய வேண்டும். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய கார் விற்பவர் ஓட்ட வரலாற்றைக் காட்டும் ‘கார்-பாஸ்’ சான்றை வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது எடுக்கப்படும் மீட்டர் எண்களை எவரும் பதிவெண்ணைக் கொண்டு இணையத்தில் பார்க்கலாம்.

தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு என்ற மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். முந்தைய உரிமையாளரின் பெயரோ முகவரியோ எனக்கு வேண்டாம். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வகையில் பதிவாகியிருந்தது, வெள்ளத்தில் மூழ்கியதா என்பவை வண்டியைப் பற்றிய செய்திகள். ஆர்.சி. கைமாறிய மறுநாள் எனக்குத் தரத்தக்கதாகிவிடும் ஒரு தாளை, முந்தைய நாள் காட்டினால் யாருடைய அந்தரங்கம் கெடும் என்பதற்கு அந்தச் சர்வீஸ் மையத்தாரிடம் பதில் இல்லை. விற்பவர் ஒப்புதல் தந்தால் வாங்குபவருக்குச் சர்வீஸ் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். ஒப்புதல் தர மறுக்கும் விற்பனையாளரைப் பற்றி வாங்குபவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

மீட்டரைத் திருத்துவதையும் திருத்தித் தருவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தில் பெயர் குறிப்பிட்டுத் தனிக் குற்றமாக்க வேண்டும். இப்போது ஏமாந்தவர் பொதுவான மோசடிப் பிரிவின்கீழ் காவல் நிலையம் செல்ல வேண்டியிருக்கிறது அல்லது வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டியிருக்கிறது. இரண்டிலும் எண்ணை மாற்றியது யார் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையிலேயே விழுகிறது. ஆண்டுதோறும் எண் பதிவானால், எந்த ஆண்டில் யார் கையில் அது குறைந்தது என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

சட்டத்திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதால், மாசுச் சான்றின்போது மீட்டர் எண்ணைப் பதிந்து பொதுவில் காட்டும் ஏற்பாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் காரின் சர்வீஸ் அச்சையும், வாங்கிய நாளில் எடுத்த மீட்டர் படத்தையும், பெல்ட்டின் படத்தையும் அமைச்சகத்துக்குத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். அவற்றின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய செடான் ஒன்றின் மூன்றாம் உரிமையாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்.